டிக்கெட் சாரின் ஜன்னல்

பாடம் நடக்கும்போது பிள்ளைகளை வேடிக்கை பார்க்க அனுப்பி வைத்த ஆசிரியர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டிக்கெட் சார். இன்னொருவர் இருந்ததாக யாராவது சொன்னால், அந்த ஆளும் எங்கள் சாரிடம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வருடம் முழுக்க அவர் முன்னால் உட்கார்ந்திருந்தும் கேட்கத் தோன்றவில்லை. ரிப்போர்ட் புத்தகத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. மாட்டு வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கிய பஸ்ஸைப் போல இரண்டு வளைவு, ஒரு புள்ளி. அதிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கப் போலீசாலும் முடியாது.

எங்கள் பள்ளி ஃபேரர் பார்க் திடலை ஒட்டி இருந்த சின்னத் தமிழ்ப் பள்ளி. ஆறாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். வகுப்பின் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். அதைக் கட்டியவருக்கு எங்கள் மேல் என்ன கோபமோ தெரியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே திடல் முழுவதும் தெரியும். அங்கே எந்நேரமும் பந்தாட்டம். கோல் கம்பத்தில் ஒருவர் தினமும் கைலிச் சாரத்தைக் காயப்போடுவார், பந்து அதில் பட்டால் சண்டை. பூவரச மரத்தடியில் கச்சாங் பூத்தே என்ற வறுகடலை விற்கும் தாத்தா தலையில் தட்டோடு நின்றபடியே தூங்குவார். சாருக்கு முன்னால் இருந்த ஆசிரியர் ஜன்னல் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி மறைத்தார். நாங்கள் செய்தித்தாளைப் படித்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். யாரும் கேட்காவிட்டாலும் இதை நான் சொல்லிவிடுவேன். அப்பா ஆற்றங்கரைக் கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா தேக்கா மார்க்கெட்டில் அம்மியில் மசாலா அரைத்து இலையில் மடித்து விற்றார். விடிகாலையில் அம்மாவோடு போய் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே சீருடையோடு பள்ளிக்கு ஓடுவேன். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் சிவப்பு மை வாங்கினேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும்.

"ஆறாவது பாஸ் பண்ணா மேல படி. இல்லாட்டி அம்மாகூட அம்மில உக்காரு. அதுக்கும் ஆள் வேணும்தானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் சார் வந்தார். ஒல்லியான ஆள், பெரிய சட்டை, கையில் ஒரு பிஸ்கட் டின். டின்னைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். உள்ளே இருந்தது பிஸ்கட் இல்லை. பழைய பஸ் டிக்கெட்டுகள். பச்சை, மஞ்சள், ரோஸ், கண்டக்டர் ஓட்டை போட்டவை. ஆளுக்கு மூன்று கொடுத்தார்.

"இது ஒரு வாரத்துக்கு. பாடம் நடக்கும்போது மனசு வெளிய போயிடுச்சுன்னா அத தனியா விடாதீங்க, உடம்பையும் கூட அனுப்புங்க. என்னைக் கேக்க வேணாம். டிக்கெட்ட டின்ல போடு, ஜன்னலுக்குப் போ, நூறு எண்ணுற வரைக்கும் நல்லா பாரு, வந்து உக்காரு. எங்க போயிட்டு வந்தேன்னு ஒரே ஒரு வரி சொல்லு. அவ்ளோதான்."

"மூணும் தீந்துட்டா சார்?" என்று கேட்டாள் என் பக்கத்தில் இருந்த ரோசலின். எந்தச் சட்டத்திலும் கடைசி வரியை முதலில் படிக்கிற பெண் அவள்.

"பஸ் போயிடுச்சுன்னு அர்த்தம். அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கணும்."

அடுத்த ஒரு மணி நேரத்தில் ரோசலினைத் தவிர எல்லோரும் மூன்று டிக்கெட்டையும் தீர்த்தோம். ஜன்னலில் தேர்த் திருவிழாக் கூட்டம். சார் கலங்கவில்லை. காலிப் பெஞ்சுகளைப் பார்த்து, ஒரு சொல் குறைக்காமல் நீள்வகுத்தல் நடத்தினார். "புரிஞ்சுதா?" என்று பெஞ்சுகளைக் கேட்டார். பிறகு மிச்ச வாரம் முழுக்க நாங்கள் கால் ஆட்டிக்கொண்டு, நகம் கடித்துக்கொண்டு, நரகத்தில் இருந்தோம். செவ்வாய்க்கிழமை திடலில் இரண்டு பேர் கட்டிப்புரண்டு சண்டை போட்டார்கள். பார்க்க ஒருவரிடமும் டிக்கெட் இல்லை. ரோசலின் மட்டும் எழுந்து போய், நூறு எண்ணி, திரும்பி வந்து, "சண்ட. சட்ட கிழிஞ்சிருச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு வரிக்கு நாங்கள் பட்ட பாட்டை எழுத முடியாது.

அடுத்த வாரம் எல்லோரும் கஞ்சர்கள் ஆனோம். மனம் போகப் பார்க்கும். 'இது டிக்கெட் போடுற அளவுக்கு இருக்கா?' என்று யோசிப்போம். யோசிக்கும்போதே அது திரும்பி வந்துவிடும். அப்படி ஒரு விஷயம் எனக்குள் நடக்கிறது என்பதே அப்போது எனக்குத் தெரியாது. மனதுக்கு ஒரு வாசல் இருக்கிறது, அதில் நான்தான் நிற்கிறேன் என்று யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

எழுதி வைத்த விதிகள் கொஞ்சம்தான். ஒன்றை மட்டும் சார் அழுத்திச் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருப்பவரின் மனம் வெளியே போய், அவரிடம் டிக்கெட் இல்லை என்றால், உன்னுடையதைக் கொடுக்கலாம். கொடுத்தால் திருப்பிக் கேட்கக் கூடாது.

சார் தனக்கும் டிக்கெட் வைத்திருந்தார். வாரத்துக்கு ஐந்து. "எனக்கு வயசாயிடுச்சு, மனசுக்கு நிறைய எடம் தெரியும்" என்று காரணம் சொன்னார். செவ்வாய்க்கிழமைக்குள் ஐந்தும் தீர்ந்துவிடும். ஒரு நாள் பின்னக் கணக்கின் நடுவில், சாக்பீஸைக் கீழே வைத்து, டிக்கெட்டை டின்னில் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். நாங்கள் நூறு எண்ணினோம். இருநூறு எண்ணினோம். மணி அடித்துவிட்டது. "சார், எங்க போயிட்டு வந்தீங்க?" என்று வகுப்பே கேட்டது.

"சுவா சூ காங். கோழிப்பண்ண. காலைல கதவ சாத்தினேனான்னு பாத்துட்டு வந்தேன்."

"சாத்தினீங்களா சார்?"

"தெரியல. அதான் லேட்டு."

அவர் வீடு அங்கேதான். கோழிப்பண்ணைகளுக்கும் தென்னை மரங்களுக்கும் நடுவில். இரண்டு பஸ் மாறி வருவார். ஆனால் இரண்டு பஸ்ஸில் இருபத்திரண்டு பேருக்கு டிக்கெட் சேராது. மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அம்மாதான் கண்டுபிடித்தார்.

"வள்ளி, உங்க சாருக்கு வீட்ல ஏதும் கஷ்டமா? செராங்கூன் ரோட்டு பஸ் ஸ்டாப்புல குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிட்டிருக்காரு."

"டிக்கெட்டும்மா. எங்களுக்கு."

"பாவம்" என்று சொல்லி, அம்மா ஓர் இலை மீன் மசாலாவை மடித்துக் கொடுத்து அனுப்பினார்.

குப்பை போட்டால் அபராதம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. டையும் பேனாவுமாக ஒருவர் தெருவில் குனிந்து பொறுக்கினால் யாரென்று நினைப்பார்கள்? ஒரு கடைக்காரர் அவரை அரசாங்க ஆள் என்று முடிவு கட்டி, கடைக்கு முன்னால் லோங்காங் சாக்கடை அடைத்துக்கொண்டு நாறுகிறது என்று அரை மணி நேரம் புகார் சொன்னார். சார் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் ஒரு நீளமான கம்போடு போய் அடைப்பை எடுத்துவிட்டார். உள்ளே பதினெட்டு டிக்கெட் இருந்ததாம். "காய வெச்சு எடுத்தா நல்லாதான் இருக்கு" என்று எங்களிடம் காட்டினார். அந்த வாரம் யாரும் டிக்கெட்டை முகர்ந்து பார்க்கவில்லை.

என் மூன்று டிக்கெட்டும் ஒரே இடத்துக்குத்தான் போகும். ஜன்னலிலிருந்து மார்க்கெட் தெரியாது. இருந்தாலும் அந்தத் திசையில் நின்றுகொண்டு நூறு எண்ணுவேன். "தேக்கா. அம்மாவோட கை" என்று சொல்லிவிட்டு உட்காருவேன். மிளகாய் அரைத்து அரைத்து அம்மாவின் கை எரியும். தூங்கும்போதுகூடத் தண்ணீர்க் குவளையில் விரலைப் போட்டுக்கொண்டிருப்பார். மூன்று வாரம் சார் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது வாரம் மேசைக்குக் கூப்பிட்டார்.

"கணக்கு நடுவுலயேதான் போற. ஏன்?"

"அப்பதான் சார் ஞாபகம் வருது."

"கஷ்டமான கணக்கு வந்தா ஞாபகம் வருதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படித்தான் வந்தது. அதை அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"சரி. அம்மா கைய பாக்கணும்தான். ஆனா கணக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடு. பாத்துட்டு வந்தவளுக்கு மறுபடியும் போக வேண்டியிருக்காது."

அதன் பிறகு கணக்கு நாளில் முதல் டிக்கெட் என்னுடையது. வகுப்பே எனக்காக நூறு எண்ணக் காத்திருக்கும். பின்னங்கள் மெல்ல மெல்ல மனிதர்களைப் போல நடந்துகொள்ள ஆரம்பித்தன. அரைப்பரீட்சையில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் சிவப்பு மையிலிருந்து தப்பினேன். எனக்கு அது தங்கம்.

அப்போதுதான் பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று செய்தி வந்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் வியர்ப்பார். முதல் நாளே வந்து சாரிடம் கெஞ்சினார்: "சார், நாளைக்கு ஒரு நாள் அந்த டின்ன உள்ள வெச்சுடுங்க. ஜன்னல சாத்திடுங்க. பிள்ளைங்க எழுந்து நடந்தா என் வேலையே போயிடும்லா."

சார் டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாங்களும் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். சாருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அதனால் யாரும் அசையக் கூடாது.

மறுநாள் ஆய்வாளர் கடைசிப் பெஞ்சில் கோப்போடு உட்கார்ந்தார். தலைமையாசிரியர் கதவருகில் நின்று கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சாத்திய வகுப்பு இட்லிப் பானை. நாங்கள் இருபத்திரண்டு பேரும் முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, கொலுப் பொம்மைகளாக இருந்தோம். அசையாமல் இருப்பதிலேயே எங்கள் முழுக் கவனமும் போயிற்று. கேள்வி கேட்டால் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. நாற்பதில் எட்டில் மூன்று பங்கு எவ்வளவு என்று கேட்டதற்கு ரோசலின், சாகும் வரை நான் மறக்க முடியாதபடி, "ஆமா சார்" என்றாள்.

சாரின் முகம் வாடியது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் ஆய்வாளரைப் பார்த்தேன்.

அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா காகிதத்தில் ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு முகங்களில் தினமும் பார்ப்பது. மனம் போய்விட்டது, உடம்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. பாவம், கையில் டிக்கெட்டும் இல்லை.

என் சட்டைப் பையில் அந்த வாரத்தின் கடைசி டிக்கெட் இருந்தது. எழுந்து போய், இரண்டு கையாலும் அவர் கோப்பின் மேல் வைத்தேன்.

"சார், இத வெச்சுக்குங்க. திருப்பித் தர வேணாம். ஜன்னல நான் தொறந்து விடுறேன்."

தலைமையாசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது?" என்றார் ஆய்வாளர்.

நான் எல்லா விதிகளையும் சொன்னேன். நூறு எண்ண வேண்டும், ஒரு வரி சொல்ல வேண்டும் என்பது வரை. பெருமையாகத்தான் சொன்னேன். என் வகுப்பு.

ஆய்வாளர் சாரைப் பார்த்தார். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ சொல்றது சரிதான் சார். நீங்க போய் ரொம்ப நேரமாச்சு" என்றார்.

அந்த மனிதர் எழுந்தார். அலமாரி திறக்கப்பட்டது. டிக்கெட்டை டின்னில் போட்டார். ஜன்னலைத் திறந்ததும் திடலின் காற்று உள்ளே வந்தது. இருபத்திரண்டு பேரும் மனதுக்குள் அவருக்காக நூறு எண்ணினோம். திரும்பி வந்து, ஒரு வரிக்காகக் காத்திருந்த எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "பிரசவ ஆஸ்பத்திரி. என் மனைவி. காலைல கொண்டு போய் விட்டேன்."

"அப்ப இங்க என்ன சார் பண்றீங்க?" என்றாள் ரோசலின்.

அவர் கோப்பை மூடிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று சாருக்குக் கை கொடுத்தார். நாங்கள் சாரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஆசிரியர் ஈடுபாட்டோடு கற்பிக்கிறார் என்று ஒரு வரி. பயன்படுத்திய பஸ் டிக்கெட்டுகள் சுகாதாரத்துக்குக் கேடு, உடனே அகற்றப்பட வேண்டும், பாட நேரத்தில் மாணவர்கள் இடத்தை விட்டு எழக் கூடாது என்று இரண்டு வரி. தலைமையாசிரியர் டின்னை எடுத்துப் போகும்போது அழாத குறை. எங்களில் பாதிப் பேர் அழுதோம். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. டிக்கெட்டை நீட்டியது நான். என் கெட்டிக்காரத்தனத்தால் என் பஸ்ஸையே நிறுத்திவிட்டேன்.

சார் என் மேசை அருகில் வந்தார்.

"டின்னத்தான எடுக்கச் சொன்னாங்க. பயணத்த நிறுத்தச் சொல்லலையே. இடது கைய மேசைல கவுத்து வை. ஒவ்வொரு விரலும் ஒரு ஸ்டாப். சுண்டு விரல்ல ஏறு. ஒவ்வொண்ணா அழுத்திட்டே போ. கட்டை விரல் வந்ததும் எறங்கி, பாக்க வேண்டியத பாரு. அப்புறம் அதே மாதிரி திரும்பி வா. எவனாலயும் தடுக்க முடியாது."

ஒரு மாதம் நாங்கள் இருபத்திரண்டு பேரும் விரலில் பயணம் செய்தோம். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ மௌன ஹார்மோனிய வகுப்பு போல இருந்திருக்கும்.

தேர்வு அறையில் ஏழாவது கணக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டி, இரண்டு குழாய். மனம் எழுந்து ஓடியது, நேராகத் தேக்காவுக்கு. 'நீயும் நாளைக்கு அம்மியில்தான்' என்று சொல்லிக்கொண்டே ஓடியது. நான் இடது கையைக் கவிழ்த்து வைத்தேன். சுண்டு விரல். மோதிர விரல். நடு விரலில் இருக்கும்போது கண்காணிப்பாளர் வந்து நின்றார்.

"கைய காட்டு. என்ன எழுதி வெச்சிருக்க?"

காட்டினேன். காலையில் கடையில் மசாலா அள்ளிய கை முழுக்க மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும். சந்தேகம் தீராமல் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அடுத்து அவர் போட்ட தும்மலில் மூன்று வரிசையின் தாள்கள் பறந்தன. எட்டுத் தும்மல். நான் அதற்குள் மிச்ச இரண்டு ஸ்டாப்பைக் கடந்து, அம்மாவைப் பார்த்து, திரும்பியும் வந்துவிட்டேன். தொட்டி நிரம்பியது.

முடிவைச் சாரே மார்க்கெட்டுக்குக் கொண்டு வந்தார். அன்று அப்பாவும் கடையில் இருந்தார். தாளை வாங்கி நீட்டிப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு தெரியும், நீலம் தெரியும். இது தட்டச்சு.

"கறுப்பா இருக்கே சார். இது நல்லதா கெட்டதா?"

"பாஸு. செகண்டரி போறா."

"இன்னொரு தடவ படிங்க."

சார் படித்தார். அப்பா மூன்றாம் முறை கேட்டார். அதையும் படித்தார். நான்காம் முறைக்கு அப்பா வாயைத் திறந்தபோது, "இதுக்கு மேல டிக்கெட் வேணும்" என்றார் சார். அப்பா சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன். அம்மா மீன் மசாலா மடித்துக்கொண்டே இருந்தார். சார் போகும்போது இரண்டு கையிலும் இலைப் பொட்டலங்கள். பஸ்ஸில் எப்படி ஏறினாரோ, எந்தக் கையால் டிக்கெட் வாங்கினாரோ தெரியாது. அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

பள்ளியில் பிள்ளைகள் குறைந்து குறைந்து, சில வருடங்களில் அதை மூடிவிட்டார்கள். நான் படித்தேன், ஆசிரியப் பயிற்சி முடித்தேன், இப்போது தெம்பனிஸில் தமிழ் ஆசிரியை. பயிற்சியில் ஒரு விரிவுரையாளர், மாணவர்கள் தங்கள் கவனத்தைத் தாங்களே கண்காணிக்கப் பழக்குவது பற்றி, திரையில் படம் போட்டு இரண்டு மணி நேரம் பேசினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. என் இடது கை மேசையில் கவிழ்ந்திருந்தது.

முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவா சூ காங் போனேன். கோழிப்பண்ணைகள் போய்விட்டன. மண்ணைச் சமப்படுத்தி அடுக்குமாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு காப்பிக் கடையில் என் ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்து, "இந்தக் கையெழுத்துக்காரரத் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன். கடைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இங்கிருந்தவங்கள்லாம் எங்கெங்கயோ வீடு கெடச்சுப் போயிட்டாங்கம்மா. பேரு என்ன?" என்றார். டிக்கெட் சார் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காப்பி கலக்கப் போய்விட்டார்.

இப்போது எம்ஆர்டி ரயில் ஓடுகிறது. இறங்கி வெளியே வரும்போது கதவு டிக்கெட்டை விழுங்கிவிடுகிறது. பொறுக்குவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. சார் இதைப் பார்த்தால் அந்த இயந்திரத்திடம் போய்ப் பேசிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வகுப்பு நான்காவது மாடியில். ஜன்னலுக்கு எதிரே இன்னொரு அடுக்குமாடி புளோக், கம்பு கம்பாகத் துணிகள், சாரமும் உண்டு. என் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு மூன்று வண்ணச் சீட்டு, நானே வெட்டியது, சுகாதாரமானது. எனக்கு ஐந்து. சில நாள் பாடத்தின் நடுவில் சாக்பீஸை வைத்துவிட்டு நானும் போய் நிற்பேன். நூறு தாண்டிவிடும்.

"டீச்சர், எங்க போயிட்டு வந்தீங்க?" என்று கேட்பார்கள்.

விதி என்றால் விதி. ஒரே வரியில் சொல்வேன்: "சுவா சூ காங். பஸ்லேர்ந்து ஒருத்தர் எறங்குறாரான்னு பாத்துட்டு வந்தேன்."